சொல்வதற்கு ஒன்றுமில்லை

1996 பிப்ரவரி 10, சனிக்கிழமை, காலை 9.40
கடிதம் எண் 1
பொருள்: ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் டாங்கி, முதல் மாதிரிப் பெட்டி

அன்புத் தங்கைக்கு,

இவ்விடம் என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். உன் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை எண்ணாக எழுதவும். ‘பரவாயில்லை’ என்பது ஓர் அளவு அல்ல.

நீ அனுப்பிய பெட்டி பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை பிற்பகல் வந்து சேர்ந்தது. கூடவே வைத்திருந்த கடிதத்தில் வழக்கம்போல் தேதி இல்லை. இதையெல்லாம் தொலைபேசியில் பேசி முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தோர் ஆண்டுகள் டாங்கிப் பழுதுபார்ப்புக் கூடத்தில் இன்ஜின்களுக்குப் பக்கத்தில் நின்று பரிசோதனை செய்த காதுகள் இவை. தொலைபேசியில் ‘பாகம்’ என்றால் ‘பாவம்’ என்று கேட்கிறது. ஆகவே எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும்.

நீ கேட்டிருப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். வாளியும் குவளையும் செய்துவந்த உன் தொழிற்சாலைக்கு வேலை குறைந்துவிட்டது. கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு டாங்கிக்கு அச்சு வெட்டியிருக்கிறாய். சிறு மாதிரிகள் கட்டுவோர் சங்கத்தின் இதழ் நல்லது என்று எழுதினால்தான் பெட்டியைக் கடைகளுக்குக் கொண்டுபோவேன் என்கிறார் பொம்மை மொத்த வியாபாரி. எழுதாவிட்டால் தொழிற்சாலையை மூடவேண்டியதுதான். அந்த இதழில் டாங்கிகளுக்கு மதிப்புரை எழுதுபவன் நான்.

இதில் எனக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. செய்தவர் என் தங்கை என்பதை மதிப்புரையின் முதல் வரியிலேயே அச்சிடுவேன். படிப்பவர் வேண்டிய அளவு கழித்துக்கொள்ளட்டும். அச்சாகும் முன் மதிப்புரையை உனக்குக் காட்டமாட்டேன். அது சங்கத்தின் விதி. ஆனால் மாதிரிப் பெட்டிகளில் காணும் குறைகளை ஒன்றுவிடாமல் உனக்கு எழுதுவேன்.

இனி குறைகள். எல்லாக் குறைகளுக்கும் தாய்க்குறை இது: டாங்கியின் உடற்பகுதியில் பக்கச் சுவர்கள் நேராக நிற்கவில்லை. மேலே அகன்று கீழே ஒடுங்குகின்றன. உன் அண்ணியிடம் காட்டினேன். “இதுக்கு ஒரு கைப்பிடி வச்சா தண்ணி மொண்டுக்கலாம்” என்றாள். நான் ஒரு பக்கம் எழுத நினைத்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். நீ அனுப்பியிருப்பது வாளி, அம்மா. பீரங்கி வைத்த வாளி.

பீரங்கிக் குழல் வெயிலில் வைத்த மெழுகுவத்தியைப் போல் வளைந்திருக்கிறது. அச்சின் இரு பாதிகளும் சரியாக மூடாததால் எல்லாப் பாகங்களின் விளிம்பிலும் பிசிறு. சக்கரங்களை ஒரு மாலை முழுவதும் சீவினேன். பெட்டியின் மேல் படத்தில் பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள், உள்ளே ஐந்து. ஆறாவது எங்கே போயிற்று என்று வாங்குபவர் கட்டிலுக்கு அடியில் தேடுவார்.

மனம் தளர வேண்டாம். உருக்கிய பிளாஸ்டிக்கின் தரம் நன்று.

அன்புடன்,
அண்ணன்

இணைப்பு: வளைந்த குழல், ஒன்று. பிசிறு, ஒரு சிறிய உறையில்.

*

தங்கையின் கடிதம். தேதி இல்லை. எனக்குக் கிடைத்தது: 1996 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.15

அண்ணா,

பிசிறை உறையில் போட்டு அனுப்பிய மனிதரை உலகத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரத்த அழுத்தம் உங்கள் கடிதத்துக்கு முன் நூற்று முப்பது. பின் எவ்வளவு என்று பார்க்கவில்லை. அண்ணியிடம், கைப்பிடிக்குத் தனி விலை என்று சொல்லுங்கள்.

கடிதத்தை ஃபோர்மேன் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்மா, ஐயா திட்டியிருக்காரா, பாராட்டியிருக்காரா?”

“திட்டியிருக்காரு.”

“அப்ப பரவால்ல. நல்லா பாத்திருக்காருன்னு அர்த்தம்.”

வாளி விஷயம் உண்மைதான் அண்ணா. வாளியின் சுவரைச் சரிவாக வைத்தால்தான் வாளி அச்சை விட்டு வழுக்கி வெளியே வரும். இருபது வருஷமாக இந்தக் கை எதை வரைந்தாலும் கீழே ஒடுக்கிவிடுகிறது. சோப்புப் பெட்டி, குவளை, பூந்தொட்டி எல்லாம் அப்படித்தான். செங்குத்தாக இல்லை என்று சோப்புப் பெட்டியை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. டாங்கிக்கும் கை தானாகவே சரித்துவிட்டது. வரைபடத்தை மூன்று பேர் பார்த்தோம், மூன்று பேருமே வாளிக்காரர்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சரிவைக் கொஞ்சம் குறைத்தால் போதுமா என்று ஃபோர்மேன் கேட்டார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் குறைத்தால் கொஞ்சம் வாளி. உடற்பகுதியை ஒரே துண்டாக வார்ப்பதையே விட்டுவிடப் போகிறேன். அடித்தட்டு, இரண்டு பக்கச் சுவர், பின்தட்டு என்று தனித்தனிப் பலகைகளாக, தட்டையாக வார்க்கலாம். பலகையைப் படுக்க வைத்து வார்த்தால் சரிவே தேவையில்லை. ஒன்றோடொன்று மாட்ட ஓரத்தில் நாக்கும் பள்ளமும் வைத்துவிடுகிறேன். கட்டுகிறவருக்கு வேலை கூடும். ஆனால் உங்களை மாதிரி ஆட்கள் வேலைக்காகத்தானே வாங்குகிறார்கள்?

ஆறாவது சக்கரம் என் தப்பு. படம் வரைந்தவர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார்.

தங்கை

*

1996 மார்ச் 23, சனிக்கிழமை, காலை 10.05
கடிதம் எண் 2
பொருள்: இரண்டாம் மாதிரிப் பெட்டி

அன்புத் தங்கைக்கு,

நலம். முழங்காலும் இம்மாதம் முதல் நலம். நூற்று முப்பதை யார் அளந்தது, மருத்துவரா, மருந்துக் கடைக்காரரா என்று குறிப்பிடவும்.

பலகைகளாகப் பிரித்தது சரியான முடிவு. எனக்குத் தோன்றாத முடிவு என்பதையும் எழுதிவிடுகிறேன். நான்கு பலகைகளும் பசை வைக்கும் முன்பே கையில் நின்றன. மேசைமீது வைத்துத் தட்டினேன், அசையவில்லை. உன் அண்ணி மட்டும், “தங்கச்சி டாங்கிக்கு இப்படி பூதக்கண்ணாடி வச்சு பாக்குறீங்களே, என்னைப் பாக்க வந்தப்ப இவ்வளவு பாத்தீங்களா?” என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். “பாத்திருந்தா கட்டியிருக்கவே மாட்டீங்க, நான் தப்பிச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

குறைகள்: பாகம் பருமனாக உள்ள இடங்களில் பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளிழுத்து, மேற்பரப்பில் குழி விழுந்திருக்கிறது. குறிப்பாகப் பீரங்கியின் முன்கவசத்தில் ஒரு குழி. குழந்தையின் கன்னத்தில் இருந்தால் அழகு, கவசத்தில் இருந்தால் அவமானம். அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடும் ஊசிகளின் வட்ட வடுக்கள் மேல்மூடிகளின் வெளிப்புறத்திலேயே விழுகின்றன. அவற்றை உட்புறத்துக்கு மாற்றினால் யார் கண்ணிலும் படாது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலியின் ஓர் இணைப்பு அடுத்ததோடு மாட்ட மறுக்கிறது. சண்டை போட்ட சம்பந்திகளைப் போல் முகம் திருப்பி நிற்கிறது.

கடைசியாக, பின்தட்டில் ஒன்பது மரைத்தலைகள், அதாவது போல்ட்டுத் தலைகள், வைத்திருக்கிறாய். எட்டு இருக்க வேண்டும். இந்த டாங்கியின் பின்தட்டை என் கையாலேயே பலமுறை கழற்றியிருக்கிறேன். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

அன்புடன்,
அண்ணன்

இணைப்பு: குழி விழுந்த முன்கவசம், ஒன்று. சண்டைக்கார இணைப்புகள், இரண்டு.

*

தங்கையின் கடிதம். தேதி இல்லை. கிடைத்தது: 1996 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை, காலை 11.30

அண்ணா,

அளந்தது மருத்துவர். அவருடைய கையெழுத்து வேண்டுமா?

விவாதத்துக்கு இடமில்லை என்று நீங்கள் எழுதியதால் விவாதிக்கவில்லை. நேரே பூங்காவுக்குப் போய்விட்டேன். எங்கள் நகராட்சிப் பூங்காவின் வாசலில் அதே டாங்கி ஒன்று பச்சைச் சாயம் பூசி நிற்கிறது, அதன் நிழலில்தான் ஐஸ் வண்டிக்காரர் நிற்பார். ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு, அளவு டேப்போடு போனேன். பின்புறம் செடி வளர்ந்து மறைத்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மேலே ஏறி, அந்தப் பக்கம் தொங்கிப் பார்த்தேன். காவலாளி ஓடி வந்தார்.

“அம்மா, எறங்குங்க! சின்னப் பசங்களையே ஏற விடமாட்டோம்!”

“நான் சின்னப் பொண்ணு இல்லையேப்பா.”

“அதுக்குத்தாம்மா சொல்றேன். விழுந்தா யாரு பதில் சொல்றது?”

ஃபோர்மேன் கீழேயிருந்து, “அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க, அம்மா போல்ட்டு எண்ணிக்கிட்டு இருக்காங்க” என்றார். காவலாளி நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணி முடித்ததும் அவரையும் எண்ணச் சொன்னேன். அவருக்கும் ஒன்பதுதான் வந்தது. புகைப்படம் வைத்திருக்கிறேன், பெரிதாக்கி. படத்தில் என் செருப்பும் விழுந்துவிட்டது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குழிக்குப் பருமனான இடங்களைப் பின்புறமாகக் குடைந்துவிட்டோம். ஊசிகளை உட்புறத்துக்கு மாற்றியாயிற்று. சம்பந்திகளைச் சமாதானப்படுத்த அச்சைத் திரும்பச் சீவவேண்டும், அதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

தங்கை

*

1996 ஏப்ரல் 13, சனிக்கிழமை, காலை 9.00
கடிதம் எண் 3
பொருள்: மரைத்தலைகள்

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் வயதில் டாங்கியில் தொங்குவது நலத்துக்கு உகந்ததல்ல.

நான் சொன்னது தவறு.

மேற்கண்ட வரியை எழுதும்போது வாய்விட்டும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உன் அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, “என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள். மறுத்துவிட்டேன்.

எங்கள் கூடத்துக்கு வந்தவை முதலில் செய்யப்பட்ட டாங்கிகள், அவற்றில் எட்டு. பூங்காவில் நிற்பது பின்னர் வந்தது, அதில் ஒன்பது. உன் பெட்டிமேல் வரைந்திருப்பதும் பின்னர் வந்ததே. ஆகவே ஒன்பது நிற்கட்டும். காவலாளியிடம் என் நன்றியைத் தெரிவிக்கவும்.

மூன்றாம் பெட்டியை எதிர்பார்க்கிறேன். செப்டம்பர் இதழுக்கு ஜூலை 15-க்குள் மதிப்புரை போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்

இணைப்பு: உன் புகைப்படம், மரைத்தலைகளுக்குச் சிவப்பு மையில் எண்ணிட்டது.

*

தங்கையின் கடிதம். தேதி இல்லை. கிடைத்தது: 1996 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.00

அண்ணா,

எல்லோரும் நலம். அண்ணிக்கு என் அன்பு. கரண்டியோடு ஓடிவந்த காட்சியை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

மூன்றாம் பெட்டி இதோ. இதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது. சங்கிலி இணைப்புகளை ஃபோர்மேன் ஒரு முழுநாள் மாட்டி மாட்டிக் கழற்றினார். பீரங்கிக் குழலைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து அடைத்தோம்.

இப்போது கூடம் அமைதியாக இருக்கிறது. வாளி அச்சு ஓடி மூன்று வாரமாயிற்று. இந்த இடத்தை விலைக்குக் கேட்கும் கிடங்குக்காரர் ஒருவர் டேப்போடு வந்து நீள அகலம் பார்த்துவிட்டுப் போனார். டீ கொடுத்து அனுப்பினேன்.

பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு குறை இருந்தாலும் சொல்லுங்கள்.

தங்கை

*

1996 ஜூலை 6, சனிக்கிழமை, காலை 9.30
கடிதம் எண் 4
பொருள்: மூன்றாம் மாதிரிப் பெட்டி

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே மழை.

மூன்றாம் பெட்டியை முழுவதும் கட்டி, சாயமும் பூசி முடித்துவிட்டேன். மதிப்புரையை ஜூலை 4, வியாழக்கிழமை ஆசிரியருக்கு அனுப்பியாயிற்று. அதில் உள்ளதை விதிப்படி உனக்குத் தெரிவிக்க இயலாது.

மூன்றாம் பெட்டியைப் பற்றி உன்னிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
அண்ணன்

இணைப்பு: ஏதுமில்லை.

*

1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, காலை 9.30
கடிதம் எண் 5
பொருள்: பதில் வராமை

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதுகிறேன். ஆனால் நான்கு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லாதது என் தூக்கத்துக்கு நலமாக இல்லை. எண் 4 தபாலில் தவறியிருக்குமோ என்று அஞ்சலகத்தில் விசாரித்தேன். தவறவில்லை என்கிறார்கள்.

இரத்த அழுத்தமா? அச்சில் ஏதேனும் முறிந்ததா? உன் அண்ணி, “அவ கோபமா இருக்கா” என்கிறாள். எதற்குக் கோபம் என்று கேட்டால், “நீங்க என்ன எழுதினீங்களோ” என்கிறாள். கோபப்படும்படி எண் 4-இல் ஒரு சொல்லும் இல்லை. நகலை இருமுறை படித்துவிட்டேன்.

ஒரு வரி எழுதவும். தேதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்

*

தங்கையின் தொழிற்சாலை ஃபோர்மேன் எழுதியது. தேதி: 13-8-96. கிடைத்தது: 1996 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை, காலை 11.10

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

ஐயாவும் அம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு எங்கள் அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவார்கள்.

ஐயாவின் ஜூலை மாதக் கடிதத்தை வழக்கம்போல் சத்தமாக வாசிக்க வாங்கினேன். வாசிக்க ஒன்றும் இல்லை. அம்மா கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “அண்ணன் கை கழுவிட்டாரு” என்றார்கள். “ஒரு குறைகூட எழுதலியேம்மா” என்றேன். “எழுதுற அளவுக்குத் தேறல. திட்டக்கூட மனசு வரல அவருக்கு. அதான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாரு” என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முதல் பெட்டிக்குப் பிசிறைக்கூட உறையில் போட்டு அனுப்பிய ஐயா, இதற்கு ஒன்றுமே அனுப்பவில்லை.

இதழ் வந்து நாலு பேர் சிரிப்பதற்கு முன் மூடிவிடலாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை காலை கிடங்குக்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். எங்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அச்சு எடைக்குப் போகிறது.

ஐயா மேல் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு குறையாவது எழுதியிருந்தால் அதைச் சரி பண்ணியிருப்போம் என்பதுதான் எங்கள் வருத்தம்.

பணிவுடன்,
ஃபோர்மேன்

*

தந்தி. அனுப்பியது: 1996 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை, காலை 11.50

கையெழுத்துப் போடாதே. டாங்கியில் குறை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இது என் உச்சபட்சப் பாராட்டு. முட்டாளே. அச்சைத் தொடாதே. அண்ணன்.

*

தங்கையின் கடிதம். தேதி இல்லை. கிடைத்தது: 1996 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை, பிற்பகல் 2.40

அண்ணா,

உங்களை என்ன செய்தால் தகும்?

சனிக்கிழமை காலை என் அறையில் கிடங்குக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டார். வாசலில் ஃபோர்மேனும் மற்றவர்களும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். அப்போது தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். எல்லோரும் உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டோம். பிரிக்காமலே ஃபோர்மேனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

“கையெழுத்துப் போடாதே” என்றதும் கிடங்குக்காரர் நிமிர்ந்தார். “குறை ஒன்றுகூட இல்லை” என்றதும் யாரும் நம்பவில்லை. “ஐயா பேர்ல வேற யாரோ அனுப்பியிருக்காங்க” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அடுத்து ஃபோர்மேன் தயங்கினார்.

“படிங்க.”

“அம்மா, இதுல ஒரு வார்த்தை...”

“படிங்கன்னா!”

“முட்டாளே.”

“அண்ணன்தான்!” என்று கத்திவிட்டேன். சத்தியமாக அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நம்பிக்கை வந்தது. அழுதேனா சிரித்தேனா தெரியாது. ஃபோர்மேன் தந்தியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். அடுத்த நிமிஷம் இயந்திரம் உறுமியது. இரண்டு மாதம் கழித்து அந்தச் சத்தம் அண்ணா! மேசைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது, எடுக்க ஆளில்லை.

கிடங்குக்காரர் பாவம், நல்ல மனிதர். “அப்ப நான் டேப்ப சுருட்டிக்கட்டுமா?” என்றார். டாங்கி எப்படி இருக்கும் என்று கேட்டார். காட்டினேன். தன் பேரனுக்கு ஒன்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் என்ன? பேனா மை தீர்ந்துவிடுமா?

உங்கள் முட்டாள் தங்கை

*

1996 நவம்பர் 9, சனிக்கிழமை, காலை 9.15
கடிதம் எண் 6
பொருள்: டாங்கிப் பெட்டி, இறுதி நிலவரம்

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம், வழக்கத்தைவிட நலம்.

ஆகஸ்டில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் கடன் இருக்கிறது. கூடத்தில் ஒவ்வொரு டாங்கிக்கும் குறைத்தாள் ஒன்று உண்டு. கண்ட குறைகளை அதில் எழுதிக் கையொப்பமிடுவேன். குறை இல்லாவிட்டால் தாளைக் காலியாக விடக்கூடாது என்பது விதி. யாராவது பின்னால் சேர்த்துவிடலாம். ஆகவே ‘சொல்வதற்கு ஒன்றுமில்லை’ என்று எழுதிக் குறுக்குக் கோடிட வேண்டும். என் பணிக்காலம் முழுவதிலும் இரண்டே டாங்கிகளுக்கு அதை எழுதினேன். இரண்டு முறையும் கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தச் சொற்களைக் கேட்டு ஒருவர் தொழிற்சாலையை மூடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. “வீட்டுல அப்படி சொன்னா வெளக்கமாத்த எடுப்பாங்க” என்கிறாள்.

இனி நிலவரம்.

செப்டம்பர் இதழில் மதிப்புரை வெளியானதும், நான் எதிர்பார்த்தபடியே, செப்டம்பர் 28, சனிக்கிழமைக் கூட்டத்தில் சலசலப்பு. “தங்கச்சி சரக்குன்னா அண்ணனுக்கு இனிக்கத்தானே செய்யும்?” என்று பின்வரிசையிலிருந்து பல் டாக்டர் கேட்டார். எங்கள் சங்கத்திலேயே என்னைவிட முசுடு அவர். நீ அனுப்பியிருந்த பன்னிரண்டு பெட்டிகளையும் மேசைமேல் அடுக்கினேன். “ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. ஒரு குறை கண்டுபிடிச்சா என் பேனாவ உங்ககிட்ட குடுத்துடறேன். இதழ்ல இனி நீங்களே எழுதிக்கலாம்” என்றேன். பல் டாக்டர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 26, சனிக்கிழமை. பன்னிரண்டு டாங்கிகளும் வரிசையாக நின்றன. மொத்த வியாபாரி தாமாகவே வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் சங்கிலி மாட்டியதைச் சொன்னார். ஒருவர் பட்டி பூசும் கத்தியை வெளியே எடுக்கவே தேவைப்படவில்லை என்றார். கடைசியாகப் பல் டாக்டர், தாம் ஈறு சோதிக்கும் ஊசிக்கம்பியை உயர்த்திக் காட்டினார். அதைக்கொண்டு எல்லா இணைப்புகளையும் குத்திப் பார்த்தாராம்.

“முப்பது வருஷமா பல்லுக்கு மூடி போடறேன்,” என்றார். “ஒரு தடவகூட இப்படி பொருந்தினதில்ல. அந்தம்மாவ என் கிளினிக்குக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க.”

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. என் காதுக்கே கேட்டது என்றால் எவ்வளவு சத்தம் என்று நீயே அளந்துகொள். மொத்த வியாபாரி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உன்னிடம் சொன்ன எண்ணிக்கையை இரட்டிப்பாக்கச் சொன்னார். அதை நீ அன்று மாலையே அறிந்திருப்பாய். அவர் காதுக்குத் தொலைபேசி கேட்கும்.

நேற்று, நவம்பர் 8, வெள்ளிக்கிழமை, கடைவீதிக்குப் போனேன். நீ இனாமாக அனுப்பியவை போக, என் சொந்தப் பணத்தில் ஒரு பெட்டியாவது வாங்க வேண்டும் என்று எண்ணம். பொம்மைக் கடைக்காரர் அலமாரியைக் காட்டினார். உன் டாங்கிக்கு ஒதுக்கிய தட்டு காலியாக இருந்தது.

“எல்லாம் போயிடுச்சு சார். திங்கட்கிழமை வந்ததுதான், நேத்தே முடிஞ்சுது.”

“ஒண்ணுகூட இல்லையா?”

“கண்ணாடிக்குள்ள வச்சிருந்ததையும் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க சார். அடுத்த லோடுக்குப் பேரு எழுதிக்கவா?”

எழுதிக்கொள்ளச் சொன்னேன். எனக்கு முன் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். நான் யாருடைய அண்ணன் என்று சொல்லியிருந்தால் முன்னால் போட்டிருப்பார். சொல்லவில்லை. வரிசையில் பத்தொன்பதாவது ஆளாக நிற்பது இத்தனை இன்பமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு, வெயிலில், வீடு வரை நடந்தே வந்தேன்.

அன்புடன்,
அண்ணன்

இணைப்புகள்:
1. செப்டம்பர் இதழ், படி ஒன்று.
2. அக்டோபர் 26 கூட்டத்தின் புகைப்படம், பன்னிரண்டு டாங்கிகளும் பல் டாக்டரும்.
3. நீ அடுத்துச் செய்ய வேண்டிய டாங்கியின் அளவு வரைபடங்கள், ஒன்பது தாள்கள்.
4. ‘டாங்கிப் பெட்டி கைவசம் இல்லை’ என்று பொம்மைக் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தி எழுதி வாங்கிய துண்டுச்சீட்டு, தேதியும் கடை முத்திரையும் கையொப்பமும் உடையது, ஒன்று.